சாயம் வெளுத்தல்

ஒருவனைப் பற்றி ‘அவன் சாயம் வெளுத்துவிட்டது’ என்று நம்மவர் சொல்வாராயின், அஃது அவனுக்கு நேர்ந்த இழுக்கைக் குறிக்கும். உள்ளே ஒரு நிறமும் புறத்தே ஒரு நிறமுமாய் இருந்தான், காலம் வந்தது, உள்நிறம் வெளிப்பட்டது என்பதே அதன் கருத்து. நீலத் தொட்டியில் விழுந்தெழுந்து காட்டுக்கு அரசனாகி, பின்னர் ஊளையிட்டு அகப்பட்டுக்கொண்ட நரியின் கதையை இளமையிற் கேளாதார் நம்முள் இலர். துணிக்கடையிற் புடைவை விலை பேசும் நம் தாய்மாரும் ‘சாயம் போகுமா?’ என்றே முதலிற் கேட்பர். ஆயினும், சாயம் போவதனையே சிறப்பாகக் கொண்ட ஆடையொன்று இன்று உலகெங்கும் வழங்குகின்றது. ஜீன்ஸ் என்னும் காற்சட்டையே அது. அதன் சாயம் வெளுக்கும் வகை இரண்டு. உடுத்தி வெளுப்பது ஒன்று; உரசி வெளுக்கச் செய்வது மற்றொன்று. பார்க்கும் கண் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கும். அங்ஙனம் மயங்கலாகாது என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

எனது ஊர் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர். சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலையிடுக்கில் வளைந்து ஏறும் இடம் அது. தொப்பூர்க் கணவாய் என்றால் லாரி ஓட்டுவோர் அனைவரும் அறிவர். பகலிரவு ஓயாது வண்டிகள் செல்லும் அச்சாலையின் ஓரத்தில் தேநீர்க் கடைகளும் பஞ்சர்க் கடைகளும் பிழைக்கும். மழையை நம்பிய வேளாண்மையோ எல்லா ஆண்டும் பிழைப்பதில்லை. ஆதலின், எங்கள் பக்கத்து இளைஞர் பலர் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் ஆடைத் தொழிலை நாடிச் செல்வது வழக்கம். என் தமையனாரும் அவ்வாறே அண்டை மாநிலத்து நகரொன்றுக்குச் சென்றார். அவர் சேர்ந்த இடம் ஜீன்ஸ் காற்சட்டைகளைச் சலவை செய்து அனுப்பும் ஒரு தொழிற்கூடம்.

சலவை என்றதும் அழுக்குப் போக்கும் வேலையென்றே வீட்டில் அனைவரும் எண்ணினோம். உண்மை அதுவன்று. தைத்து முடித்த புதுக் காற்சட்டையைக் காற்றடைத்த ரப்பர்க் கால்களில் மாட்டுவார்கள். பிறகு தொடையிலும் முழங்காலிலும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பார்கள். உட்கார்ந்தெழுவோருக்கு இடுப்பின் கீழே விழும் மடிப்புக்களைப் போலப் பூனைமீசை வடிவிற் கோடுகள் கீறுவார்கள். நம்மூரிற் கிணற்று நீரைத் தூய்மை செய்ய இடுகின்றோமே, அந்தப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைத்து, வெளிற வேண்டிய இடங்களிற் பீச்சி அடிப்பார்கள். அதன் பின்னரே காற்சட்டை பெரிய பொறித் தொட்டிகளிற் சுழன்று, அலசப்பட்டு, கடைக்குப் போகும். இத்தனையும், ஒருநாளும் உடுத்தாத ஆடையை ஓராண்டு உடுத்தியது போலக் காட்டுதற்கு.

பொங்கலுக்கு ஊர் வந்த தமையனாரின் நகக்கண்களில் நீலம் ஏறியிருந்தது, இருமலும் இருந்தது. என்ன வேலை என்று வினவினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, பழையதைப் புதியதாக்கினால் ஊரிலே கூலி கொடுப்பார்கள். எனக்கோ புதியதைப் பழையதாக்கக் கூலி கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு பேருடைய முழங்காலைத் தேய்க்கிறேன். அவர்கள் யாரும் முழங்கால் ஊன்றி ஒரு வேலையும் செய்திருக்க மாட்டார்கள்.” அவர் சிரித்தார், என் அன்னையார் சிரிக்கவில்லை. அவர் காதில் விழுந்தது இருமல் மட்டுமே.

அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு அவர் எனக்கொரு காற்சட்டை கொண்டுவந்தார். தையலிற் சிறு பிழை இருந்தமையால் ஒதுக்கப்பட்டு, தேய்ப்புக்கும் சலவைக்கும் போகாமலே தொழிலாளருக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது அது. “இதை நான் தேய்க்கவில்லை. நீயே தேய்த்துக்கொள். உப்புத்தாள் வேண்டா, உன் கால் போதும்” என்று கூறி என் கையிற் கொடுத்தார். இவ்வாறு நீரும் தேய்ப்பும் காணாத துணியினாலாகிய ஜீன்ஸை மேனாட்டார் தனி வகையாக மதித்து, மிகுந்த விலை கொடுத்து வாங்கி, மாதக்கணக்காக நாள்தோறும் உடுத்தித் தம் உடலுக்கேற்பப் பழக்கிக்கொள்கின்றனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். தமிழிற் புதிதாக அதற்கொரு சொல் தேட வேண்டுவதில்லை. தறியிலிருந்து இறங்கியபடியே கஞ்சி மணக்க இருக்கும் துணியைக் ‘கோடி’ என்று நம் முன்னோர் கூறினர். எனக்குக் கிடைத்தது கோடி ஜீன்ஸ்.

அதன் இயல்பைச் சிறிது விளக்குவேன். டெனிம் என்பது கனத்த பருத்தித் துணி. பாவு நூல் நீலம்; ஊடை நூல் வெள்ளை. பாவு நூல் பெரும்பாலும் மேலே தோன்றுமாறு சாய்ந்த வரிகளாக நெய்வதால், துணியின் முகம் நீலமாயும் உட்புறம் வெளிறியும் இருக்கும். சாயம் ஏற்றும் முறையிலேயே அதன் மருமம் உளது. நூலை நீலத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டவுடன் நீலமாக மாறும். மீண்டும் முக்குவர், மீண்டும் காற்றாட விடுவர். இங்ஙனம் பன்முறை செய்யினும், நீலம் நூலின் மேற்புறத்தைச் சூழ்ந்து நிற்குமேயன்றி நடுவரை செல்லாது. நூலின் நெஞ்சு வெள்ளையாகவே இருக்கும். ஆதலால், எங்கே உராய்வு உண்டோ அங்கே நீலம் உதிர்ந்து வெண்மை தலைகாட்டும். எங்கே உராய்வு இல்லையோ அங்கே நீலம் நிலைத்திருக்கும். உடுத்துவோனுடைய நடையும் இருக்கையும் தொழிலும் அத்துணியில் எழுதப்படுதற்கு இதுவே காரணம்.

நீலம் நமக்கு அயலான பொருளன்று. அவுரிச் செடியிலிருந்து அதனை எடுக்கும் தொழில் தமிழ்நாட்டிற் பழமையானது. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் நடைபெறுகின்றது. 19ஆம் நூற்றாண்டிற் புதுச்சேரியில் நீலமேற்றிய பருத்தித் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் நாடு சென்று, அங்கே பிசின் வாங்குவதற்குப் பணமாகவே வழங்கிற்று. முரட்டு நீலத்துணிக்கு ஆங்கிலேயர் இட்ட ‘டங்கரி’ என்னும் பெயரும் பம்பாயின் டோங்கிரிப் பகுதியிலிருந்து பிறந்ததே. சம்பாரணில் அவுரி பயிரிடுமாறு கட்டாயப்படுத்தப்பட்ட குடியானவருக்காகக் காந்தியடிகள் 1917-இற் போராடியதை வரலாற்று வகுப்பிற் படித்திருக்கின்றோம். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் 1897-இற் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கிய பின் அவுரியின் ஆட்சி தளர்ந்தது. இன்று ஜீன்ஸுக்கு ஏறும் நீலம் பெரும்பாலும் அச்செயற்கை நீலமே. ஆயினும் அதன் குணமும் அவுரியின் குணமும் ஒன்றே. உராய்ந்தால் உதிரும்.

இனி, என் அனுபவத்தைக் கூறுகின்றேன். முதல் நாள் அக்காற்சட்டையை அணிந்தபோது அஃது ஆடையாகத் தோன்றவில்லை. அட்டைப் பெட்டிக்குள் இறங்கியது போல இருந்தது. பேருந்துப் படியில் ஏற முழங்கால் மடங்கவில்லை. கழற்றிச் சுவரோரம் நிறுத்தினால் தானே நின்றது. வகுப்பு நண்பர்கள் அதற்குத் ‘தேக்குப் பலகை’ என்று பெயரிட்டனர். வெயிற்காலத்தில் அதன் கனத்தையும் புழுக்கத்தையும் பொறுப்பது எளிதன்று. முதல் இரு வாரத்தில் இடுப்பின் தோல் சிவந்தது. தமையனாரிடம் கைப்பேசியில் முறையிட்டேன். “உனக்கு இரண்டு வாரந்தான். அதற்கு வாழ்நாள் முழுதும் உன்னோடு கிடக்க வேண்டும். அதுவும் பழக வேண்டாமா?” என்றார்.

ஒரு மாதத்திற்குப் பின் மாறுதல் கண்டேன். முழங்காலின் பின்புறம் மடிப்புக்கள் விழுந்தன. அவை ஒவ்வொரு நாளும் விழுந்த இடத்திலேயே விழுந்தன. கஞ்சி தளர்ந்தது. இடுப்புப் பட்டை என் இடுப்பின் வளைவைக் கற்றுக்கொண்டது. மூன்று மாதங்களில் எந்தத் துணியும் எனக்கு அவ்வளவு பொருந்தியதில்லை என்று சொல்லும்படி ஆயிற்று. இதனிடையில் ஒரு குற்றமும் செய்தேன். பேருந்தில் அமர்ந்த வெளிர்நிற இருக்கையின் உறையில் இளநீலக் கறை படிந்ததை ஒருநாள் கண்டேன், வெட்கி எழுந்துகொண்டேன். கோடி ஜீன்ஸ் உடுத்துவோர் பிறருடைய வெள்ளைத் துணியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நான்காம் மாதத்தில் அன்னையாரின் பொறுமை முடிந்தது. “கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது உனக்கு மட்டும் கிடையாதா?” என்று கேட்டு, யான் கல்லூரிக்குப் புறப்படுமுன் கொடியிற் கிடந்ததை எடுத்து வாளியில் முக்கிவிட்டார். அதே வாளியில் என் தந்தையாரின் வெள்ளை வேட்டியும் இருந்தது. பிற்பகல் வீடு திரும்பியபோது கொடியில் இரண்டும் அருகருகே காய்ந்துகொண்டிருந்தன. வேட்டி வானத்தின் நிறம் பெற்றிருந்தது. தந்தையார் அதனைக் கட்டிக்கொண்டு, “உன் அண்ணனுடைய நகம் போல இருக்கிறது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அச்சொல்லின் பின் அவ்வாடையை விளையாட்டாகக் கருத என்னால் இயலவில்லை. அதன் பிறகு இரு மாதத்துக்கு ஒருமுறை, உட்புறத்தை வெளியே திருப்பி, தனி வாளியில் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலிற் காயவிடுவதை வழக்கமாகக் கொண்டேன்.

இவ்வாறு ஒன்றரை ஆண்டு சென்றது. இன்று அக்காற்சட்டையை விரித்து வைத்தால் அதில் என் நாட்களைக் காணலாம். வலப் பையின்மேல் கைப்பேசியின் நீள்சதுரம் வெளிறித் தெரியும். இடத் தொடையிற் குறுக்கே ஒரு வெண்கோடு. அது பேருந்தில் இடமின்றி நின்ற நாட்களிற் புத்தகப் பையின் வார் உரசிய தடம். வலது முழங்கால் இடத்தைக் காட்டிலும் அதிகம் வெளுத்திருக்கும். விடுமுறை நாட்களிற் பஞ்சர்க் கடையில் உதவிய போது யான் ஊன்றியது அம்முழங்காலே. இவற்றுள் ஒன்றையும் யான் திட்டமிட்டேனல்லேன். திட்டமிட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்கற்றுப் போட்டிருக்க மாட்டேன்.

சாயம் போவது சிறப்பென்று விற்ற வணிகம் சென்னைத் துணியின் வரலாற்றிலும் உண்டு. சென்னைப் பக்கத்துக் கைத்தறிகளில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி ‘மதராஸ்’ என்னும் பெயராலேயே அமெரிக்காவில் வழங்கியது. 1958 அளவில், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து அத்துணி வாங்கப்பட்டு, புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆடைக் கடைக்குச் சென்றது. குளிர்ந்த நீரில் மெல்லத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் உடுத்தினோர் காதுவரை செல்லவில்லை என்பர். துவைத்த போதெல்லாம் நிறம் கலைந்தது, குறை கூறினர். வணிகரோ அக்குறையை மறைக்காமல், ‘சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உறுதி’ என்று விளம்பரம் செய்தனர். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுத் தோற்றம் என்று மக்கள் விரும்பி வாங்கத் தொடங்கினர். விளம்பரத்தின் சாமர்த்தியம் ஒருபுறம் இருக்க, இதில் ஓர் உண்மையும் உண்டு. அத்துணி தன்னை மாற்றிக்கொண்டது உடுத்துவோன் கையில், அவன் வீட்டில், அவன் கண்ணெதிரே. அவனுக்கு முன்பே வேறொருவன் அதனைத் தேய்த்து வைக்கவில்லை.

ஜீன்ஸின் தொடக்கமும் அத்தகையதே. லீவை ஸ்ட்ராஸ் என்னும் வணிகரும் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும் 1873 மே 20-இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது, பைகளின் மூலைகள் கிழியாதவாறு செப்பாணி அடித்த காற்சட்டைக்கு. அது சுரங்கத்திலும் பண்ணையிலும் பாடுபடுவோருக்கான உடை. அவர்கள் வெளுப்பை நாடவில்லை. வேலை செய்தார்கள், வெளுத்தது. பின்னர் அவ்வெளுப்பைத் திரைப்பட நடிகர்மேல் கண்ட இளைஞர் விரும்பினர். விருப்பம் பெருகவே, காலம் செய்யும் வேலையைப் பொறி செய்யலாயிற்று. 1970களிலும் 1980களிலும் துளையுள்ள எரிமலைக் கல்லுடன் காற்சட்டைகளைச் சுழற்றும் முறை பரவிற்று. அதன் பின் மணலை அழுத்தக் காற்றோடு வீசித் துணியைத் தேய்க்கும் முறை வந்தது.

இந்த மணல் வீச்சு செய்த கேட்டை மாணவராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். மணலின் நுண்தூள் நுரையீரலிற் புகுந்து தங்கி, அதனை இறுகச் செய்யும். சிலிகோசிஸ் என்னும் அந்நோய்க்குத் தீர்க்கும் மருந்து இல்லை. கல்லுடைப்போருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் பல்லாண்டுகளில் வரும் அந்நோய், துருக்கி நாட்டில் ஜீன்ஸ் தேய்த்த இளைஞருக்குச் சில ஆண்டுகளிலேயே வந்தது. பலர் மாண்டனர். 2009-இல் துருக்கி அம்முறையைத் தடை செய்தது. 2010-இல் லீவை ஸ்ட்ராஸ், எச் அண்ட் எம் ஆகிய பெருநிறுவனங்கள் தாமும் அதனைக் கைவிடுவதாக அறிவித்தன. பழையது போலத் தோன்றும் ஒரு முழங்காலுக்காக ஒருவனுடைய மூச்சு விலையாயிற்று என்றால், அவ்வழகை அழகென்று எங்ஙனம் கூறுவது?

மூச்சுக்கு அடுத்தது நீர். சாயத் தொழிலின் கழிவு ஆற்றை என் செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே நொய்யல் சான்று. திருப்பூரின் பின்னலாடைகளுக்குச் சாயமேற்றிய நீர் அதில் விடப்பட்டது. பாசனத்திற்காக 1992-இற் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாய் மாறிற்று. உழவர் வழக்காடினர். கழிவுநீரை முற்றும் தூய்மை செய்து திரும்பப் பயன்படுத்தாத சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. பின்னலாடை வேறு, ஜீன்ஸ் வேறு. ஆயினும் ஆறு அவ்வேறுபாட்டை அறியாது. ஏற்றிய சாயத்தை மீண்டும் கழற்றுதற்கென்றே நீரையும் இரசாயனத்தையும் செலவிடுவது ஜீன்ஸ் சலவையின் வேலை. தேவையற்றதைச் செய்து, பின் அதன் கழிவைத் தூய்மை செய்யவும் பொருள் செலவிடுகின்றோம்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். அவருட் சிலருக்கு விடை கூறுவது என் கடமை.

‘மாதக்கணக்காகத் துவைக்காமல் உடுத்துவது ஆபாசமன்றோ?’ என்பர் ஒரு சாரார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து மாணவரொருவர் கோடி ஜீன்ஸ் ஒன்றைத் துவைக்காமலே 15 மாதங்கள் உடுத்தினார். பின்பு துவைத்து, ஏறக்குறைய இரு வாரம் உடுத்தினார். இரு முறையும் துணியிலிருந்த நுண்ணுயிர்களைக் கணக்கிட்டபோது பெரிய வேறுபாடில்லை என்று 2011-இல் அப்பல்கலைக்கழகத்தினர் தெரிவித்தனர். ஆனால் கனடாவின் குளிர் வேறு. நம் நாட்டு வியர்வை வேறு. யான் அவ்வளவு தூரம் செல்லேன். வாரந்தோறும் துவைப்பதற்கும் ஒருபோதும் துவையாமைக்கும் இடையே நல்ல வழி உண்டு. நாள்தோறும் கழற்றிக் காற்றாடப் போட்டு, அழுக்கேறியபோது அலசலாம். அன்னையாரின் பழமொழியும் பிழைக்கும், ஆடையும் பிழைக்கும். லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு ஜீன்ஸ் பருத்திச் செடியிலிருந்து குப்பைக்குப் போகும்வரை 3,781 லிட்டர் நீரைக் குடிக்கின்றது. அதில் 23 விழுக்காடு உடுத்துவோர் துவைப்பதற்கே செல்வது. அளவாகத் துவைப்பதும் ஒரு சிக்கனமே.

‘இதுவும் செல்வர் விளையாட்டன்றோ? உழைப்பாளியின் சட்டை வெளுத்தால் வறுமை, மாணவன் காற்சட்டை வெளுத்தால் நாகரிகமா?’ என்பர் மற்றொரு சாரார். இது கூர்மையான கேள்வி. கோடி ஜீன்ஸை வாங்கி, அது வெளுக்கும் அழகை நாள்தோறும் கண்ணாடி முன் நின்று அளப்பவனும், உப்புத்தாளால் தேய்த்ததை வாங்குபவனும் ஒரே செருக்கின் இரு முகங்களே என்பதை ஒப்புகின்றேன். தொப்பூர்ச் சாலையில் லாரிக்கு அடியிற் படுத்துப் பழுது பார்ப்பவரின் காக்கிச் சட்டையும் தோளில் வெளுத்திருக்கின்றது. அதனை யாரும் படம் எடுப்பதில்லை. ஆதலின் யான் வேண்டுவது வெளுப்பை நாடுக என்பதன்று. ஓர் ஆடையை வாங்கினால் அதனோடு நெடுநாள் வாழ்க. வெளுத்தால் வெளுக்கட்டும் என்பதே. கிழிந்தால் தைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நான்கு காற்சட்டை வாங்குவோன் எந்தக் காற்சட்டையையும் பழக்குவதில்லை.

மூன்றாவது மறுப்பே எனக்குக் கடினமானது. ‘தேய்த்த ஜீன்ஸை யாரும் வாங்காவிடின், உன் தமையன் போன்றோர்க்கு வேலை எங்கே?’ என்று என் நண்பரொருவர் வினவினார். விடை கூற இயலாமல் அக்கேள்வியைத் தமையனாரிடமே கொண்டு சென்றேன். அவர் இப்போது அவ்வேலையை விட்டு ஊர் திரும்பி, கணவாய்ச் சாலையோரத்தில் நண்பரொருவருடன் பஞ்சர்க் கடை வைத்திருக்கின்றார். முன்னினும் வருவாய் குறைவு, இருமலும் குறைவு. அவர் கூறியது இது: “வேலை போய்விடும் என்று பயந்து கெட்ட வேலையைக் காக்க வேண்டியதில்லை, தம்பி. நெய்கிறவனுக்கும் தைக்கிறவனுக்கும் கூடக் கொடுக்கட்டும். தேய்க்கிறவனுக்குக் கொடுக்கிற காசு அதில் சேரட்டும். துணியைப் பலமாக்குவதும் ஒரு வேலைதானே? அதைக் கெடுப்பதற்கு ஏன் ஓர் ஆளை வைக்க வேண்டும்?” பொருளாதாரப் பேராசிரியர் இதில் இடைவெளிகளைக் காண்பார் என்பதை அறிவேன். 2018 முதல் உப்புத்தாளுக்கு மாறாக லேசர்க் கதிரால் வெளுப்பை எழுதும் முறையைப் பெரிய நிறுவனங்கள் கைக்கொள்கின்றன. அதனால் தொழிலாளரின் நுரையீரல் பிழைக்கும், ஆனால் அவர் வேலையும் போகும். தேய்ப்பு வேலை எவ்வாறாயினும் நிலைக்கப்போவதில்லை. நிலைக்கக்கூடியது நல்ல நெசவும் நல்ல தையலும். குஜராத்தின் கதர் நெசவாளர் கையால் நெய்த டெனிமை 2020-இல் அமெரிக்காவின் படகோனியா நிறுவனம் ஏறக்குறைய 30,000 மீட்டர் வாங்கிற்று. கைத்தறிக்குப் பேர்போன தமிழ்நாடும் அவ்வழியிற் சிந்திக்கலாம்.

சென்ற மாதம் விடுமுறையில் அவர் கடையில் அமர்ந்திருந்தேன். என் காற்சட்டையை அவர் உற்று நோக்கினார். ஆயிரக்கணக்கான முழங்கால்களைத் தேய்த்த கண்ணல்லவா? வலது முழங்காலைக் காட்டி, “இங்கே நீ ஜாக்கி தள்ளியிருக்கிறாய்” என்றார். தொடைக் கோட்டைக் காட்டி, “பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது” என்றார். பிறகு சிறிது நேரம் பேசாதிருந்து, “அங்கே நான் போட்ட கோடெல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது யாருடைய காலும் இல்லை” என்றார்.

அவர் அதனைக் கூறிக்கொண்டிருந்தபோது தருமபுரிப் பக்கத்திலிருந்து பாரமேற்றிய லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவ்விறக்கத்தில் நிகழ்ந்த விபத்துக்கள் பல. காரணங்களுள் ஒன்றை எங்கள் ஊர்ச் சிறுவரும் அறிவர். டீசல் மிச்சமாகட்டும் என்று சில ஓட்டுநர் கியரை விலக்கி வண்டியைத் தானே உருள விடுவார்கள். வண்டி விரையும்; பிரேக் சூடேறும்; பின் நிற்காது. சிறிய கியரில், எஞ்சின் முனகும்படி மெல்ல இறங்குவதே அச்சாலையில் நல்ல வழி. அதற்கு நேரம் செல்லும். ஆனால் வீடு போய்ச் சேரலாம்.

மாணவ நண்பர்களே! ஆடையில் மட்டுமா நாம் அவசரப்படுகின்றோம்? பிறர் எழுதிய குறிப்பைப் படித்துத் தேர்வு எழுதுகின்றோம். படியாத நூலைப் படித்ததாகப் பேசுகின்றோம். பாடுபடாமலே பாடுபட்டவர் தோற்றத்தை விரும்புகின்றோம். இவையெல்லாம் உப்புத்தாள் வேலைகள். இவற்றின் சாயம் வெளுக்கும் நாளில் பழமொழி கூறும் இழுக்கே மிஞ்சும். உடுத்தி வெளுத்ததற்கு அவ்விழுக்கு இல்லை. அதன் உள்நிறம் வெளிப்பட வெளிப்பட அதன் நேர்மையே வெளிப்படுகின்றது. அடுத்த முறை நீங்கள் ஜீன்ஸ் வாங்கக் கடைக்குச் செல்லுங்கால், வெளுத்த முழங்காலைக் காட்டுவாராயின், ‘இதைத் தேய்த்தவர் யார்?’ என்று ஒருமுறை மனத்துட் கேட்டுக்கொள்ளுங்கள். பின்பு தேய்க்காத ஒன்றைக் கேட்டு வாங்கி, அதனை நெடுநாள் உடுத்துங்கள்.